பூசையில் யார் பெயர் சொல்கிறார்கள் என்று பார்

சேசு மரி சூசை துணை

தங்கச்சிமடம்
2025 நவம்பர்

அன்பு மகனுக்கு அப்பாவின் ஆசீர்வாதம்.

நீ அனுப்பிய வீடியோக்களை நானும் அம்மாவும் முழுசாகப் பார்த்தோம். அமெரிக்காவில் நீ பழைய முறை லத்தீன் பூசைக்குப் போவதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. முழந்தாளிட்டு, நாவில் நன்மை (நற்கருணை) வாங்கி, மௌனமாய்ப் பூசை காணும் பக்தி இந்தக் கரைக்குப் புதிதல்ல. ஆனால் அந்த வீடியோக்காரர்கள் பழைய பூசையின் மேலுள்ள பற்றையும், புதிய பாப்பரசர் 14ஆம் லியோவின் மேல் சந்தேகத்தையும், அமெரிக்கக் கட்சி அரசியலையும் ஒரே முடிச்சாகப் போட்டு உன் கையில் கொடுக்கிறார்கள். ஒன்றை ஏற்றால் மூன்றையும் ஏற்க வேண்டும் என்கிறார்கள். அது சரியல்ல, தம்பி. ஏன் என்று எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

பாப்பரசரைத் தேர்ந்தெடுக்க 133 கர்தினால்மார் ஓட்டுப் போட்டார்கள், சட்டமோ 120 பேர் என்கிறது, ஆகவே தேர்தலே செல்லாது என்கிறார் வீடியோவில் வரும் அந்தத் தாடிக்காரர். அந்தச் சட்டத்தை 2ஆம் அருள் சின்னப்பர் (ஜான் பால்) 1996 பிப்ரவரி 22இல் கொடுத்தார். 33ஆம் எண்ணில் 120 என்ற வரம்பு இருப்பது உண்மை. அவர் வாசித்துக் காட்டாதது 36ஆம் எண். முறைப்படி நியமித்து அறிவிக்கப்பட்ட கர்தினாலுக்கு அதனாலேயே ஓட்டுரிமை வந்துவிடுகிறது என்கிறது அது. சட்டம் போட்ட அருள் சின்னப்பரே 2001இல் 120ஐத் தாண்டித்தான் கர்தினால்மாரை நியமித்தார். சட்டம் போடுகிறவரே வரம்பைத் தாண்டி நியமித்தால், வரம்பை அவரே தளர்த்திவிட்டார் என்றுதான் அர்த்தம். 2025 ஏப்ரல் 30இல், கான்கிளேவ் என்ற தேர்தல் கூட்டம் தொடங்குமுன்பே, கர்தினால்மார் கூட்டம் இதை அறிக்கையாக வெளியிட்டது. தெரியாமல் நடந்த தவறு எதுவும் இதில் இல்லை.

ஓட்டு மாற்றப்பட்டது என்பதும் நிற்காத பேச்சு. எண்ணுகிறவர்கள் மூவர், நோயாளிகளிடம் போய் ஓட்டு வாங்குகிறவர்கள் மூவர், சரிபார்க்கிறவர்கள் மூவர். எல்லாரையும் சீட்டுக் குலுக்கித்தான் எடுக்கிறார்கள். விழுந்த சீட்டும் ஓட்டுப் போட்டவர்களும் எண்ணிக்கையில் ஒத்துவராவிட்டால், ஒன்றையும் பிரிக்காமல் எரித்துவிட்டு உடனே மறு ஓட்டு. ஒத்துவந்தால் ஒவ்வொரு சீட்டாகப் பெயரை உரக்க வாசித்து, சீட்டிலுள்ள ‘எலிகோ’ (தேர்ந்தெடுக்கிறேன்) என்ற சொல்லின் மேல் ஊசியால் குத்தி நூலில் கோக்கிறார்கள். 133க்கு மூன்றில் இரண்டு பங்கு 89. மே 8ஆம் தேதி நாலாவது ஓட்டில் அது கிடைத்தது.

16ஆம் ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) பதவி விலகியது செல்லாது என்ற வாதத்துக்கு ஒரே பதில் போதும். திருச்சபைச் சட்டம் 332 இரண்டைத்தான் கேட்கிறது: சுயமனதாய்ச் செய்திருக்க வேண்டும், முறையாய் வெளிப்படுத்தியிருக்க வேண்டும். யாரும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. 2013 பிப்ரவரி 11இல் கர்தினால்மார் முன்னிலையில் அவர் வாயாலேயே வாசித்தார். அவர் இறந்தது 2022 டிசம்பர் 31இல். அப்படியிருக்க அதைக் கொண்டு 2025 தேர்தலைக் கேள்வி கேட்பது எந்த வழியிலும் சேராது. வரப்போகும் பாப்பரசர்களை முன்னறிவித்த மலாக்கியார் தீர்க்கதரிசனம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை விட்டுத் தள்ளு. அது அச்சானது 1595இல். அதற்கு முந்திய பாப்பரசர்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தி, பிந்தியவர்களுக்கு எப்படி வேண்டுமானாலும் வளையும்.

இனி நீ போகும் சிற்றாலயம். லத்தீன் பூசை நடக்கும் இடங்களெல்லாம் ஒரே மாதிரி இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் அதே பீடம், அதே காசுலா என்ற பூசை உடை, பெண்கள் தலையில் அதே முக்காடு. உள்ளே மூன்று வகை உண்டு.

ஆயரின் அனுமதியோடு நடப்பவை ஒரு வகை. மறைமாவட்டக் குருக்களோ, 1988இல் ரோமையின் அங்கீகாரத்தோடு தொடங்கிய இராயப்பர் (பேதுரு) குருக்கள் சபையோ நடத்துவார்கள். அங்கே நீ தாராளமாகப் போகலாம்.

இரண்டாவது, லெஃபேவர் ஆயர் 1970இல் தொடங்கிய பத்தாம் பத்திநாதர் (பயஸ்) சபை. நம் பாளையங்கோட்டையிலும் அவர்களுக்கு இல்லம் உண்டு. 1988 ஜூன் 30இல் ரோமையின் சொல்லை மீறி நாலு ஆயர்களை அபிஷேகம் செய்ததால் திருச்சபை விலக்கம் வந்தது. 2009 ஜனவரியில் அந்த நால்வருக்கும் விலக்கத்தை நீக்கினார்கள். ஆனாலும் சபைக்குத் திருச்சபையில் சட்டப்படியான இடம் இன்னும் இல்லை. அவர்களிடம் செய்யும் பாவசங்கீர்த்தனம் செல்லும். 2015இல் பிரான்சிஸ் பாப்பரசர் கொடுத்த அதிகாரம் அது, பிறகு காலவரையின்றி நீட்டித்தார். கல்யாணத்துக்கு 2017இல் வழி செய்தார், ஆனால் உள்ளூர் ஆயர் அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். இவர்கள் பாப்பரசர் இல்லை என்று சொல்பவர்கள் அல்ல. பூசையில் அவர் பெயரையும் ஆயர் பெயரையும் சொல்கிறார்கள்.

மூன்றாவது வகைதான் ஆபத்து. 1958இல் 12ஆம் பத்திநாதர் இறந்த நாள் முதல் இராயப்பர் ஆசனம் காலி என்பவர்கள். இவர்களைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது. பூசையின் மைய மன்றாட்டின் முதல் செபத்திலேயே பாப்பரசர் பெயரும் ஆயர் பெயரும் வரும். பழைய பூசையில் அதைச் சாமியார் மௌனமாகச் சொல்வதால் பெஞ்சிலிருந்து உனக்குக் கேட்காது. ஆகவே பூசை முடிந்ததும் சக்கிறீஸ்து அறைக்குப் போய், “மன்றாட்டில் யார் பெயரைச் சொல்கிறீர்கள், சாமி?” என்று மரியாதையாய்க் கேள். ‘லியோ’ என்று நேராகச் சொன்னால் சரி. தேவநற்கருணை ஆசீருக்கு முன் பாப்பரசருக்காகப் பாடும் வழக்கமும் உண்டு. அதில் பெயர் காதில் விழும். மறைமாவட்டக் கையேட்டில் அந்த ஆலயமும் குருவும் இருக்கிறார்களா, உறுதிபூசுதல் கொடுக்க வரும் ஆயர் யார், ஞானஸ்நான ரெஜிஸ்தர் எங்கே இருக்கிறது என்றும் பார். பதில் மழுப்பலாக வந்தால் அங்கே மறுபடி போகாதே.

பழைய பூசைக்குக் கட்டுப்பாடு போட்ட 2021 ஜூலை 16 ஆணையால் அங்கே பல பேர் மனம் நொந்திருப்பது நியாயம். சார்லட் மறைமாவட்டத்தில் 2025 அக்டோபரோடு நாலு பங்குகளில் லத்தீன் பூசை நின்று, மூர்ஸ்வில்லில் ஒரே சிற்றாலயம் ஆகிவிட்டது. பிள்ளைகுட்டிகளோடு தூரம் போக வேண்டிய குடும்பங்களின் வருத்தத்தை நான் சின்னதாய் எண்ணவில்லை. 2ஆம் வத்திக்கான் சங்கத்தின் 1963 வழிபாட்டு ஏடே லத்தீனைக் காக்கச் சொல்கிறது, கிரகோரியன் பாடலுக்கு முதலிடம் தரச் சொல்கிறது; அதை ஆயருக்குப் பணிவாய் எழுதிக் கேட்க விசுவாசிகளுக்கு உரிமை உண்டு, திருச்சபைச் சட்டம் 212ஐப் பார். அக்டோபர் 25இல் கர்தினால் பர்க், பாப்பரசரின் அனுமதியோடு இராயப்பர் பேராலயத்திலேயே பழைய பூசை வைத்தார். கேட்டுப் பெற்ற வழி அது. ஆசனம் காலி என்று முடிவு கட்டிப் பெற்றதல்ல.

நம் கரைக்கு இந்தச் சண்டை ஏற்கெனவே தெரியும், தம்பி. 1838இல் 16ஆம் கிரகோரியார் மயிலாப்பூர், கொச்சி, கொடுங்கல்லூர் ஆயர்களின் ஆளுகையை இந்தப் பகுதிகளில் நிறுத்தி, ரோமையின் நேரடிப் பொறுப்பில் வைத்தார். கோவாக் குருக்கள் பலர், பாப்பரசரின் அந்த ஓலை உண்மையானதல்ல, ஆயர்களை நியமிக்கும் உரிமை பெற்றிருந்த போர்ச்சுகல் அரசின் இசைவு இல்லாமல் செல்லாது என்று சொல்லிக் கீழ்ப்படிய மறுத்தார்கள். விளைவு, ஒரே ஊருக்கு இரண்டு சாமியார், இரண்டு கோயில், சாவிக்கு வழக்கு, கல்லறையில் யாரை யார் அடக்குவது என்று தகராறு. மறவ நாட்டிலும் முத்துக்குளித்துறையிலும் உறவுக்காரர்களே இரண்டாய்ப் பிரிந்தார்கள். இரு தரப்பிலும் பக்தியுள்ளவர்கள் இருந்தார்கள், இரு தரப்பும் அதே லத்தீன் பூசைதான் வைத்தது. பூசை மொழி யாரையும் சேர்த்து வைக்கவில்லை. ஓலை செல்லுமா செல்லாதா என்ற கேள்விதான் பிரித்தது. இதைத் தீர்க்கும் வேலையை 1886இல் ஒப்பந்தத்தாலும், இந்தியாவுக்கு நிரந்தர மறைமாவட்டங்களை ஏற்படுத்தியும் தொடங்கியவர் 13ஆம் சிங்கராயர், அதாவது 13ஆம் லியோ. இரட்டை ஆளுகை முற்றிலும் ஒழிய 1928 ஆனது. தொண்ணூறு வருஷம்! அந்தத் தேர்தல் செல்லாது, இந்தப் பதவி விலகல் செல்லாது என்று இன்று பேசுகிறவர்களைக் கேட்கும்போது எனக்கு அந்தக் காலம்தான் ஞாபகம் வருகிறது.

அரசியலுக்கு வருகிறேன். மே மாதம் புதிய பாப்பரசர் சிவப்பு மொசெட்டா என்ற தோள் அங்கி போட்டு பால்கனியில் நின்றபோதும், ‘ரெஜினா சேலி’ என்ற மாதா பாடலை லத்தீனில் பாடியபோதும் உன் நண்பர்கள் கொண்டாடினார்கள். செப்டம்பர் கடைசியில், கருக்கலைப்பை எதிர்த்துக்கொண்டே குடியேறிகளை மனிதத்தன்மையில்லாமல் நடத்துவதை ஆதரிப்பவர் உயிரைக் காப்பவர்தானா என்று அவர் கேட்டதும் அவர்களே திரும்பிக்கொண்டார்கள். பாப்பரசரை அளக்க அவர்கள் வைத்திருக்கும் கோல் கட்சிக் கோல் என்பது அதிலேயே தெரிகிறது.

அமெரிக்கத் துணை ஜனாதிபதி வான்ஸ் சொன்ன அன்பின் வரிசை, முதலில் குடும்பம், பிறகு அயலார், பிறகு நாடு, கடைசியில் உலகம் என்பது, அக்குவினாஸ் தோமையாரிடம் இல்லாததல்ல. ஆனால் அதே தோமையார் தம் ‘சும்மா தியோலோஜிக்கா’ நூலின் இரண்டாம் பாகத்து இரண்டாம் பகுதி, 31ஆம் கேள்வி, 3ஆம் பிரிவில், அவ்வளவு நெருக்கடியில் இல்லாத சொந்தத் தகப்பனைவிட உயிர்ப்போராட்டத்தில் இருக்கும் அந்நியனுக்கு முதலில் உதவ வேண்டிய சந்தர்ப்பமும் உண்டு என்கிறார். இது சங்கத்துக்குப் பிறகு வந்த புதுமை என்று யாராவது சொன்னால், 12ஆம் பத்திநாதர் 1952 ஆகஸ்ட் 1இல் அகதிக் குடும்பங்களுக்காக எழுதிய ஏட்டை எடுத்துக் காட்டு. ஆசனம் காலி என்பவர்கள் கடைசிப் பாப்பரசர் என்று ஏற்பவர் அவர்தான். கப்ரீனி அம்மாவை இத்தாலியக் குடியேறிகளிடம் நியூயார்க்குக்கு அனுப்பியது 13ஆம் லியோ.

எல்லையைக் காக்க அரசுக்கு உரிமை உண்டு, வருகிறவன் சட்டத்துக்கு அடங்க வேண்டும். திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டின் 2241ஆம் எண்ணில் இரண்டும் இருக்கிறது. எந்தச் சட்டம், எத்தனை விசா என்பதில் நீ எந்தப் பக்கமும் நிற்கலாம், பாவமில்லை. ஆனால் தனுஷ்கோடி மணல்திட்டில் கைக்குழந்தைகளோடு இறக்கிவிடப்பட்டவர்களையும், மண்டபம் முகாமில் பிறந்து வளர்ந்தவர்களையும் தெரிந்த ஊரின் பிள்ளை நீ. வந்தவனை இழிவாய்ப் பேசுவதற்குப் பூசையைச் சாட்சிக்கு இழுக்கிறவர்களோடு சேராதே. நீயே அங்கே விசாவில் இருப்பவன்.

பாட்டில்லாத சாதாரண லத்தீன் பூசைக்குப் பிறகு நீங்கள் முழந்தாளிட்டுச் சொல்லும் மூன்று அருள்நிறை மந்திரமும் அதிதூதர் மிக்கேலார் செபமும் யார் கொடுத்தது தெரியுமா? அதுவும் 13ஆம் லியோதான். 1884இல் அந்தச் செபங்களை எல்லாக் கோயில்களுக்கும் விதித்தார், 1886இல் மிக்கேலார் செபம் சேர்ந்தது. 1870இல் ரோமை நகரம் பாப்பரசர் கையைவிட்டுப் போன நெருக்கடிதான் அதற்குப் பின்னணி. 1929 ஒப்பந்தத்தோடு அந்த நெருக்கடி தீர்ந்தது. 1930இல் 11ஆம் பத்திநாதர் அதே செபங்களை ரஷ்யாவுக்காகச் சொல்லச் சொன்னார். 1965இல் கட்டாயம் நீங்கியது. செபம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை விடாமல் சொல், நாங்களும் செபமாலை முடிந்ததும் சொல்கிறோம். அந்த லியோவே 1892இல் பிரெஞ்சுக் கத்தோலிக்கரைப் பார்த்து, ராஜாவைத் திருப்பிக் கொண்டுவரும் கனவில் விசுவாசத்தைக் கட்டிவைக்காதீர்கள், குடியரசை ஏற்று நல்ல சட்டத்துக்குப் பாடுபடுங்கள் என்றார். கேட்காதவர்களின் வாரிசாய் வந்த இயக்கத்தை 11ஆம் பத்திநாதர் 1926இல் கண்டிக்க வேண்டியதாயிற்று. உன் நண்பர்களில் அரசியல் நூல் வாசிக்கிறவர் யாராவது இருந்தால் இதைச் சொல்லிப் பார்.

கடைசியாக, கல்யாண விஷயம். பெண் வீட்டாரும் லத்தீன் பூசைக்காரர்கள் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். கல்யாணப் பூசையை 1962 பூசைப் புத்தகப்படி வைக்க விரும்பினால் ஆயரின் அனுமதியைச் சாமியார் வழியாக முன்கூட்டியே கேளுங்கள். ஆயரோ பங்குச் சாமியாரோ அவர்கள் அதிகாரம் கொடுத்தவரோ இல்லாமல், ஆசனம் காலி என்பவர் முன்னால் கொடுக்கும் வார்த்தைப்பாடு சட்டம் 1108இன்படி செல்லாத கல்யாணம். சாமியார் உண்மையான குருவாகவே இருந்தாலும் அப்படித்தான். பிறகு பிள்ளைக்கு ஞானஸ்நானம், இங்கே ரெஜிஸ்தர் பதிவு எல்லாவற்றிலும் சிக்கும். ஞானஸ்நானச் சான்று ஆறு மாதத்துக்குள் எடுத்ததாய்க் கேட்பார்கள். ஆகவே பழைய நகலை அனுப்பாதே, தேதி முடிவானதும் எழுது, புதிதாய் எடுத்து அனுப்புகிறேன். உறுதிபூசுதல் குறிப்பும் அதிலேயே இருக்கும்படி கேட்டு வாங்குகிறேன். தடையில்லாச் சான்றுக்கு இங்கே கோயிலில் மூன்று முறை கல்யாண ஓலை வாசிக்க வேண்டும், அதற்கே மூன்று ஞாயிறு ஆகும். தபசு காலத்துக்குள் தேதி வைக்காமல் இருப்பது நல்லது. கல்யாணம் முடிந்ததும் அங்குள்ள சாமியார் நம் பங்குக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். உன் ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும். அனுப்பினாரா என்று நீயே ஒருமுறை கேட்டுக்கொள்.

அம்மா உன் உடம்பைக் கவனிக்கச் சொன்னாள்.

இப்படிக்கு,
அப்பா