மணியை வெளியே அழைத்துப்போன தம்பிக்கு

முதலில் எல்லோரும் கேட்கும் கேள்விக்குப் பதில்: என் முயல் துரை சாப்பிடுகிறான். இன்று காலை நான் எழுந்து பார்த்தபோது தட்டில் வைத்திருந்த உலர்புல்லில் பாதிக்கு மேல் தானாகவே தின்று முடித்திருந்தான். இப்போது இதை எழுதும்போதும் மேசைக்கு அடியிலிருந்து கறுக் கறுக் என்று சத்தம் வந்துகொண்டிருக்கிறது. புல்லைத் தின்கிறானா, மேசைக் காலைத் தின்கிறானா என்று குனிந்து பார்க்கவில்லை. எதுவாக இருந்தாலும் சரி, தின்னட்டும்.

துரைக்கு என்ன ஆனது, என்னென்ன மருந்து என்பதையெல்லாம் மறுபடியும் எழுதப்போவதில்லை. உங்களில் பாதிப் பேர் இந்த ஒன்பது நாளும் என்னோடு சேர்ந்து விழித்திருந்தவர்கள், மீதிப் பேருக்கு நடுராத்திரியில் புழுக்கைப் படம் அனுப்பி நானே தொல்லை கொடுத்திருக்கிறேன் (அதற்குத் தனியாக மன்னிப்பு). நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். ஆனால் முதலில் சொல்ல வேண்டியவர் இதைப் படிப்பாரா என்றே தெரியாது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவருடைய நாயின் பெயர் மட்டும் தெரியும். மணி.

அந்த முதல் நாள் காலை. முந்தின நாள் சாயங்காலத்திலிருந்தே துரை எதையும் தொடவில்லை. கொத்தமல்லியை நீட்டினால் பாய்ந்து பிடுங்குகிறவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான்தான் "அடம் பிடிக்கிறான், காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தூங்கப் போய்விட்டேன். அந்தத் தூக்கத்துக்காக என்னை நான் எவ்வளவு திட்டிக்கொண்டேன் என்பது வேறு கதை. கூண்டை மடியில் வைத்துக்கொண்டு மருத்துவமனைக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவன் உடம்பைக் குறுக்கிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தான். தடவிக்கொடுக்கும்போது சுகத்தில் அவன் பல்லை உரசும் மெல்லிய சத்தம் எனக்குப் பழக்கம். இது அது இல்லை. இது வலி என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது.

எதிர்ப் பெஞ்சில் அந்தத் தம்பி, காலடியில் மணி. என் இடுப்பு உயரத்துக்கு ஒரு நாய். முன்னங்காலில் மயிரைச் சிரைத்துவிட்டுக் கட்டுப் போட்டிருந்தார்கள். அது குரைக்கவில்லை, எழுந்துகூட நிற்கவில்லை, கூண்டுப் பக்கம் மூக்கை நீட்டி இரண்டு முறை உறிஞ்சியது, அவ்வளவுதான். கூண்டுக்குள்ளே துரை அப்படியே கல்லாகிவிட்டான். எப்போதும் துடித்துக்கொண்டே இருக்கும் மூக்குகூட நின்றுவிட்டது. நான் நாயைப் பார்த்தேன், தம்பியைப் பார்த்தேன், எழுந்து வேறு எங்கே போவது என்று சுற்றிலும் பார்த்தேன். இடமே இல்லை.

நாய் வளர்ப்பவர்கள் இந்த மாதிரி நேரத்தில் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு, கேட்காத ஆளே இருக்க முடியாது: "பயப்படாதீங்க, ஒன்னும் பண்ணாது." அதைத்தான் எதிர்பார்த்தேன், எரிச்சல்படக்கூடத் தயாராகிவிட்டேன். அந்தத் தம்பி சொன்னது வேறு. "இவன் ஒன்னும் பண்ண மாட்டான்க்கா" என்று தொடங்கி, முகவாயால் கூண்டைக் காட்டி, "ஆனா அது அதுக்குத் தெரியாதே" என்றார்.

சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டார். தன் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தார், கூண்டை மூடத்தான், எடுத்தவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டு "வேணாம், இதுல இவன் வாசனை இருக்கும், உங்க ஷாலைப் போட்டு மூடுங்க" என்று துண்டைத் திரும்பப் பைக்குள் திணித்துக்கொண்டார். நான் ஷாலைப் போட்டு மூடுவதற்குள் மணி நொண்டிக்கொண்டே அவர் பின்னால் வாசலுக்குப் போய்விட்டது. வெளியே நிழல் என்று ஒன்றும் கிடையாது. கண்ணாடிக் கதவு வழியாக எனக்குத் தெரிந்தது அவர் முதுகும், அவருடைய நிழலுக்குள் படுத்திருந்த மணியும்தான். நாய்க்கு நிழல் வேண்டுமென்று அவர் வெயிலில் இடம் மாறி மாறி நின்றார். நாற்பது நிமிடம் இருக்கும். நடுவில் உள்ளேயிருந்து "மணி" என்று கூப்பிட்டார்கள், அப்படித்தான் அதன் பெயர் தெரிந்தது. அவர் கதவை ஒரு விரற்கடை திறந்து, "முயலை முதல்ல பாருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்ப மூடிக்கொண்டார். நான் உள்ளே ஓடினேன்.

அவ்வளவுதான் நடந்தது. ஒருவர் தன் நாயோடு வெளியே போய் நின்றார். இதற்கு இவ்வளவு பெரிய மடலா என்று சிலருக்குத் தோன்றலாம்.

அது எவ்வளவு பெரிய உதவி என்பது உள்ளே போன பிறகுதான் எனக்கே விளங்கியது. துரையின் உடம்புச் சூடு 37.4 டிகிரி. முயலுக்கு 38.5-க்கும் 40-க்கும் நடுவில் இருக்க வேண்டும், குறைந்தால்தான் கவலை, காய்ச்சலைவிட இந்தக் குளிர்ச்சிதான் மோசம் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே அவனைத் துணி சுற்றிய வெந்நீர்ப் பைமேல் உட்கார வைத்தார். வலிக்கு மருந்து கொடுத்து, தோலுக்கு அடியில் திரவம் ஏற்றிவிட்டு, எக்ஸ்ரேயில் அடைப்பு எதுவும் இல்லை என்று பார்த்த பிறகுதான் வாய் வழியாக ஊட்டவே அனுமதித்தார். அப்புறம் கூடத்தில் நாய் இருந்ததா என்று கேட்டார். முயல் எதற்கும் இரையாகிற பிராணி, பயந்தால் உடம்பு ஓடத் தயாராகும், அப்போது குடல் தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும், இவனுக்கோ குடல் ஏற்கெனவே நின்றுபோன மாதிரிதான் இருக்கிறது, இதில் பயமும் சேர்ந்தால் தாங்காது என்றார். நான் தம்பியைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் கையில் இருந்த வேலையை நிறுத்தி ஒரு முறை கதவுப் பக்கம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் தம்பி, நான் உங்களுக்குக் கடன்பட்டது அந்த நாற்பது நிமிடத்துக்கு மட்டும் இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான பாடு. நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை ஊசி இல்லாத சிரிஞ்சில் கரைத்த தீவனத்தை ஊட்ட வேண்டும், ராத்திரியும் சேர்த்து. முதல் இரண்டு முறையும் போர்க்களம். துண்டில் சுற்றினேன், உதைத்துக்கொண்டு வெளியே வந்தான். ஊட்டியதைத் துப்பினான். என் கையில் கீறல், தரையெல்லாம் பச்சைக் குழம்பு. கடைசியில் மூலையில் போய் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு பின்னங்காலால் தரையை டொம் என்று அடித்தான். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. "உன்னைக் காப்பாற்றத்தானேடா இவ்வளவும்" என்று கத்தியேவிட்டேன். கத்தி முடித்ததும் உங்கள் குரல் வந்தது. நான் ஒன்றும் பண்ண மாட்டேன், ஆனால் அது அவனுக்குத் தெரியாதே.

அவன் கணக்கில் நான் யார்? மேலேயிருந்து இரண்டு கை வந்து தூக்குகிறது. முயலை மேலேயிருந்து தூக்குவது பருந்துதான், அதன் உடம்புக்கு வேறு அர்த்தம் தெரியாது. அன்றிலிருந்து தூக்குவதை விட்டேன். நானே தரையில் உட்கார்ந்தேன். ஊட்டுகிற நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்னாலேயே போய், கையில் எதுவும் இல்லாமல் சும்மா பக்கத்தில் இருந்தேன். துண்டைத் தளர்த்திச் சுற்றி, மல்லாத்தாமல் நாலு காலும் தரையில் இருக்கிற மாதிரியே வைத்து, முன்பல்லுக்குப் பின்னால் பக்கவாட்டில் இருக்கும் இடைவெளியில் சிரிஞ்சு நுனியை விட்டு ஒரு மில்லிதான் கொடுத்தேன். அவன் மென்று விழுங்கும்வரை காத்திருந்து அப்புறம் அடுத்த மில்லி. ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நான் பொறுமைசாலி இல்லை, என்னைத் தெரிந்தவர்கள் இதைப் படித்துச் சிரிப்பார்கள். ஆனால் அந்த ஒரு வாக்கியம் கையில் இருந்தால் பொறுமை கொஞ்சம் வருகிறது.

நாலாம் நாள் விடியற்காலையில் கூண்டு மூலையில் மூன்று புழுக்கை. மிளகு அளவுகூட இல்லை, அதில் இரண்டு மயிரில் கோத்த மணி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தன. ஆனாலும் புழுக்கை! குடல் ஓடத் தொடங்கிவிட்டது. வீட்டில் ஏதோ பரீட்சை முடிவு வந்த மாதிரி அத்தனை பேரையும் எழுப்பினேன். தூக்கக் கலக்கத்திலும் வாழ்த்துச் சொன்ன அத்தனை பேருக்கும், "எத்தனை? மூன்றா?" என்று அக்கறையாகத் திருப்பிக் கேட்ட பெரியப்பாவுக்கும் நன்றி.

மற்றவர்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், யாரையாவது விட்டிருந்தால் சண்டைக்கு வாருங்கள். ஆறாம் நாள் உடம்பு தேறிய பிறகு மயக்க மருந்து கொடுத்துக் கடைவாய் முழுக்கப் பார்த்து, நாக்கைக் குத்திக்கொண்டிருந்த பல் முள்ளைக் கண்டுபிடித்துத் தேய்த்துவிட்ட டாக்டர். முயலால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் மயக்க மருந்துக்கு முன்னால் பட்டினி போடக் கூடாது என்று அவர் இரண்டு முறை சொல்லி அனுப்பியிருக்காவிட்டால், நான் மனிதர்களுக்குச் செய்கிற மாதிரி தட்டை எடுத்து ஒளித்து வைத்திருப்பேன். சிரிஞ்சைப் பிடிக்கும் விதத்தை ராத்திரி மூன்று மணிக்கு வீடியோ அழைப்பில், தன் குழந்தையின் பொம்மை முயலை வைத்துக்கொண்டு காட்டிக்கொடுத்த தோழி. நோட்டுப் போட்டு எடை, எத்தனை மில்லி, எத்தனை புழுக்கை என்று மூன்று நிறப் பேனாவில் எழுதிவைத்த அண்ணன் மகள். தோட்டத்திலிருந்து மருந்தடிக்காத அறுகம்புல்லாகப் பார்த்துப் பறித்துக் கொண்டுவந்த கீழ்வீட்டு அம்மா. விடுப்புக் கேட்டபோது "முயலுக்கா?" என்று கேட்காத என் மேலாளர். கேட்டவர்களும் உண்டு, அவர்களைப் பற்றி இங்கே எதற்கு.

பல் முள் வந்ததற்குக் காரணம் நான்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முயலுக்குப் பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், நாளெல்லாம் புல்லை அரைத்தால்தான் தேயும். துரைக்குப் புல் பிடிக்கவில்லை, பொட்டலத்தில் வரும் குச்சித் தீவனம்தான் பிடிக்கிறது என்று இரண்டு வருடமாக அதையே கிண்ணம் கிண்ணமாகக் கொட்டியிருக்கிறேன். செல்லம் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இனி புல்தான். எத்தனை நாள் முகத்தைத் திருப்பினாலும் புல்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் எடை பார்ப்பேன். பன்னிரண்டு மணி நேரம் அவன் எதையும் தொடவில்லை என்றால் அது அடம் இல்லை, ஆபத்து. அத்தனை நேரம்கூடக் காத்திருக்க மாட்டேன், "காலையில் பார்க்கலாம்" என்ற பேச்சே இந்த வீட்டில் இனி கிடையாது.

இன்னொன்று. நேற்று மறுபரிசோதனைக்குப் போனபோது பையில் சுத்தமாகத் துவைத்த துணிகள் இரண்டு எடுத்துப்போனேன், எந்தப் பிராணியின் வாசனையும் படாமல் தனியாக மடித்து. ஒன்று துரைக்கு. இன்னொன்று, கூண்டோடு யாராவது பதறிப்போய் வந்தால் கொடுக்க. நேற்று யாரும் வரவில்லை. துணி பையிலேயே இருக்கட்டும்.

போன காரியத்தோடு உங்களையும் தேடினேன், தம்பி. அன்றைக்கு நான் எக்ஸ்ரே முடிந்து வெளியே வந்தபோது நீங்கள் மணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தீர்கள், சட்டை முழுக்க வியர்வை. "முயல் எப்படி இருக்கு?" என்று கேட்டீர்கள். நான் ஏதோ தலையாட்டிவிட்டு வண்டியைத் தேடி ஓடினேன். உங்கள் நாய்க்கு என்ன என்று கேட்கவே இல்லை. ஒன்பது நாளாக இது உறுத்திக்கொண்டிருக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது வலது முன்னங்காலில் கட்டுப் போட்ட, மணி என்ற பெரிய பழுப்பு நிற நாயைத் தெரிந்தால், அந்தத் தம்பியிடம் முயல் சாப்பிடுகிறது என்று சொல்லுங்கள். அப்புறம் மணிக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதாகவும் சொல்லுங்கள்.