ஆற்றில் அமிழ்ந்தவன்

பட்டர்வொர்த்,
ஞாயிறு மாலை

அன்புப் பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

அம்மா போனதிலிருந்து ஜெபம் பண்ண உட்கார்ந்தால் வாயே வரவில்லை, விசுவாசமே போய்விட்டதோ என்று நேற்று போனில் அழுதாய். எனக்கு உடனே பதில் வரவில்லை. அப்புறம் ஜான் பனியனின் மோட்சப் பிரயாணத்தை, கிறிஸ்தியான் என்பவன் பரலோக நகரத்துக்கு நடந்து போகும் அந்தக் கதையை, எடுத்துப் பார்த்தேன். அட்டை போன பழைய புத்தகம். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது தினமும் ஃபெரியில் பினாங்குத் தீவுக்குப் போகையில் என் பையில் இருந்தது அதுதான்.

ஜான் பனியன் பெரிய படிப்பாளி இல்லை, பாத்திரங்களுக்கு ஒட்டுப்போட்டுப் பிழைத்தவர். அனுமதியில்லாமல் பிரசங்கித்தார் என்று 1660இல் சிறையில் போட்டார்கள். இனிப் பிரசங்கிக்க மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டிருப்பார்கள். சொல்லவில்லை. 12 வருடம் உள்ளே இருந்தார். மூத்த மகளுக்குக் கண் தெரியாது. சிறையில் செருப்புக் கயிறு பின்னித்தான் குடும்பத்துக்குக் கொடுத்தார். மனைவி மக்களைப் பிரிவது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பது மாதிரி இருந்தது, அதிலும் அந்தக் கண் தெரியாத பிள்ளையை நினைத்தால் தாங்கவில்லை என்று எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர் பரலோகத்தைப் பற்றிச் சொன்னால் நான் நம்புவேன்.

உன் தாத்தா இதே கதையைக் கிருஷ்ணப் பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்திலிருந்து ராகம் போட்டுப் பாடுவார். எனக்கு அந்தச் செய்யுள் எட்டவில்லை.

சின்ன வயதில் அரக்கனும் கோட்டையும்தான் பிடிக்கும். ஆறு வரும் இடத்தை ஃபெரியில்தான் நிஜமாகப் படித்தேன். நகரம் கண்ணுக்குத் தெரிகிறது, நடுவில் ஒரு ஆறு, பாலம் கிடையாது. அவ்வளவு தூரம் நடந்து வந்த கிறிஸ்தியான் இறங்கியதும் அமிழ்கிறான். இருட்டு மூடுகிறது, பழைய பாவமெல்லாம் நினைவுக்கு வருகிறது, கரை சேர மாட்டேன் என்கிறான். கூட வந்தவன் அவன் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்திருக்கப் படாத பாடு படுகிறான். பின்னால் வந்த அறிவீனனையோ ஒரு படகுக்காரன் நோகாமல் அக்கரை சேர்த்துவிடுகிறான். ஆனால் வாசலில் உள்ளே விடப்படாதவன் அவன்தான். அமிழ்ந்தவன் உள்ளே போகிறான்.

அதுவரை உன் அம்மாவிடம் "பயப்படாதே, விசுவாசி" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அன்றைக்கு அவள் கையைப் பிடித்து, "எனக்கும் பயமாயிருக்கு" என்றேன். திரும்பிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பேசினோம், பாதி உன்னைப் பற்றித்தான்.

உன்னிடம் சொல்லாத ஒன்று. அவள் போனபின் மூன்று மாதம் எனக்கும் ஜெபம் வரவில்லை. ஆராதனையில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்து வாயை மட்டும் அசைப்பேன். பக்கத்தில் பாடியவர்கள் சத்தம்தான் என்னைத் தாங்கியது.

வராத ஜெபத்தை இழுக்காதே, அம்மா. தினமும் உன் நேரம் ராத்திரி ஒன்பதுக்குக் கூப்பிடுகிறேன். ஜெபத்தை நான் பண்ணுகிறேன், நீ லைனில் இருந்தால் போதும். ஆமென்கூடச் சொல்ல வேண்டாம்.

புத்தகத்தை நாளைக்குப் போஸ்ட் பண்ணுகிறேன். ஆறு வரும் பக்கத்தின் ஓரம் மடிந்திருக்கும், நிமிர்த்திவிடாதே.

அப்பா