ஜூன் 10: டிங்கோ சிங் நினைவு மாலை

பெற்றோர்களுக்கு வணக்கம்.

நம் பிள்ளைகளின் குத்துச்சண்டை வகுப்பில் ஜூன் 10 மாலை 6 மணிக்குப் பயிற்சி கிடையாது. அன்று மணிப்பூர் வீரர் டிங்கோ சிங்கின் நினைவு நாள். அரை மணி நேரம் அவர் கதை, அப்புறம் சுண்டல்.

தெரியாதவர்களுக்கு: இம்பால் பக்கம் சேக்தா கிராமத்துப் பையன், அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டுக்கு அணியிலிருந்து முதலில் கழற்றிவிட்டார்கள். கடைசியில் சேர்த்தார்கள்; 54 கிலோ பிரிவில் தங்கத்தோடு வந்தார். குத்துச்சண்டையில் 16 வருடம் கழித்து இந்தியாவுக்குக் கிடைத்த ஆசியத் தங்கம் அது. அதைப் பார்த்துத்தான் மேரி கோம் கையுறை மாட்டினார். 2013இல் பத்மஸ்ரீ. 2021இல் புற்றுநோயால் இறந்தார், வயது 42தான்.

செய்ய வேண்டியது:
1. 5.50க்குள் பிள்ளைகளை விட்டுவிடுங்கள்.
2. கைப்பட்டையைத் துவைத்துக் கொடுத்தனுப்புங்கள். போன வாரம் வந்த வாசனை இன்னும் ஹாலை விட்டுப் போகவில்லை.
3. பெரிய பிள்ளைகள் யாராவது 1998 இறுதிப்போட்டி பற்றி இரண்டு நிமிடம் பேசலாம். எதிரி உஸ்பெகிஸ்தானின் திமூர் துல்யகோவ்.
4. சுண்டலுக்கு இரண்டு வீடு போதும், முந்துபவர்களுக்கு.

வருபவர்கள் பிள்ளையின் பெயரோடு 8ஆம் தேதி இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் யார் வருகிறார்கள் என்று எண்ண முடிவதில்லை.