சங்கப் பாக்கி நோட்டு: சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

சேகர குருவானவர் ஐயா அவர்களுக்கும், புதிதாகத் தேர்வாகியிருக்கும் சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும் கர்த்தருடைய நாமத்தில் ஸ்தோத்திரம்.

சபை நிர்வாகம் பார்க்கும் உங்கள் நாற்காலியில் நானும் ஒரு காலத்தில் உட்கார்ந்தவன்தான். சங்கம், அதாவது சபையார் மாதந்தோறும் கட்டும் சந்தா, யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்று எழுதிய பாக்கி நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். அந்த நோட்டைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒன்பது வருஷத்துக்கு முன் நம் சபையில் சுமை தூக்கிப் பிழைத்த ஒருவர் இறந்துபோனார். மாலை நாலு மணிக்கு அடக்கம். மதியம் நானும் இன்னொருவரும் துக்க வீட்டுக்குப் போய், வாசலில் நின்றபடியே கணக்குச் சொன்னோம். மாதம் 50 ரூபாய், 48 மாதப் பாக்கி, ஆக 2,400. கட்டினால்தான் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டச் சீட்டு. இறந்தவருடைய மனைவியின் தம்பி சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவர் முக்கால் மணி நேரம் கழித்துப் பணத்தோடு வந்தார். அடக்க ஆராதனையில்தான் கவனித்தேன், அந்த அம்மாவின் காதில் கம்மல் இல்லை. ரசீது எழுதியது நான். கார்பன் வைத்து, ஒழுங்காக.

சங்கம் வராமல் ஊழியருக்குச் சம்பளம் எப்படிக் கொடுப்பது என்று கேட்பீர்கள். நியாயம்தான். உலையில் போட அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்துவைத்து நம் பாட்டிமார் வளர்த்த சபை இது. கொடுப்பதைப் பற்றி அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. ஆனால் நம் நோட்டில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. சபையார் நமக்குத் தர வேண்டியது மட்டும். நாம் அவர்களுக்குத் தர வேண்டியது எந்தப் பக்கத்திலும் இல்லை.

மலைப்பிரசங்கத்தில் ஆண்டவர் இந்த இரண்டாவது பக்கத்தைத்தான் திறக்கிறார். மத்தேயு 5-ம் அதிகாரம், 23, 24 வசனங்கள். காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவன் அதை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடு ஒப்புரவாக வேண்டும். எப்போது? உனக்கு அவன்மேல் குறை இருந்தால் அல்ல, அவனுக்கு உன்மேல் குறை இருந்தால். எத்தனையோ தடவை வாசித்த வசனம். இந்த இடத்தை மட்டும் வழுக்கிக்கொண்டே தாண்டியிருக்கிறேன். நடந்து போக வேண்டியவன் புண்பட்டவன் அல்ல, காணிக்கைத் தட்டு பக்கத்தில் நிற்கிறவன்.

1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகு அமைத்த திருவிருந்து ஆராதனை முறையைப் பாருங்கள். ஒருவர் கையை ஒருவர் பற்றிச் சமாதானம் சொல்வது பீடத்திலிருந்து தொடங்கிக் கைக்குக் கை வரும். அதற்குப் பிறகுதான் காணிக்கை. அந்த வரிசை சும்மா வந்ததல்ல. நாமோ பக்கத்தில் இருப்பவர் விரலை லேசாகத் தொட்டுவிட்டு, மறுகையால் சட்டைப் பையில் சில்லறை தேடுகிறோம். கோபித்துக்கொண்டு சபையை விட்டே போனவருக்கு அந்தக் கை எட்டுவதே இல்லை.

நம் மண்ணிலிருந்தே ஒருவர் இதை உலகத்துக்குச் சொன்னார். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா ஐயர். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்க முன்நின்றவர். 1910-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், மேல்நாட்டு மிஷனெரிமார் நிறைந்திருந்த சபையில் எழுந்து நின்றார். ஏழைகளுக்கு உணவளிக்க உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். இரண்டு வருஷத்தில் அவரே தோர்னக்கல் பேராயர், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். அவர் பேரைச் சொல்லி ஆண்டுதோறும் பெருமைப்படுகிறோம். அன்று அந்தத் துரைமார் உட்கார்ந்திருந்த வரிசையில் இன்று உட்கார்ந்திருப்பது நாம்தான் என்பது மட்டும் நமக்கு உறைப்பதில்லை.

சாவு விழுந்த வீட்டில் அடக்கம் முடியும்வரை அந்த நோட்டு பீரோவை விட்டு வெளியே வரக்கூடாது என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள். பிறகு கேளுங்கள், தவணையில் வாங்குங்கள், முடியாதவருக்குத் தள்ளுபடி செய்யுங்கள். இன்னொரு நோட்டும் வாங்குங்கள். நாற்பது பக்கம் போதும். மணியடிக்கிற ஊழியருக்கு எத்தனை மாதச் சம்பளம் நிற்கிறது, ஆஸ்பத்திரியில் கிடந்த யாரை ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை, யார் எதற்காக ஆலயத்துக்கு வருவதை நிறுத்தினார்கள் என்று எழுதி, மாதக் கூட்டத்தில் வரவுசெலவுக்கு முன்னால் வாசியுங்கள். திருமணத் தகவல் படிவத்தில் சாதிக்கென்று இருக்கும் கட்டத்தையும் அந்த நோட்டில்தான் சேர்க்க வேண்டும். அது தனி மடலாகவே எழுத வேண்டிய விஷயம். என் மகளுக்காக அந்தக் கட்டத்தை நிரப்பியவனும் நான்தான்.

அந்த அம்மா இப்போது நம் ஆலயத்துக்கு வருவதில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரை ஜெபவீட்டுக்குப் போகிறார். போன மாதம் 2,400 ரூபாயை ஒரு கவரில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கவரைத் தொடவில்லை.

"ரூவா கெடக்கட்டும் அண்ணாச்சி. அன்னைக்கு வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டியளே, உள்ள வந்து ஒரு நிமிசம் உக்காந்தியளா?"

கவர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. உங்கள் முதல் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் கமிட்டி அங்கத்தினன்