கோப்புகளை எடுத்துக் கொடுத்த கைகளுக்கு

அன்புடையீர், வணக்கம்.

சென்ற வாரம் என் மனுக்கள் அனைத்தையும் ஒரு கல்லூரி நூலகத்தில் ஒப்படைத்துவிட்டேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2005 அக்டோபர் 12 முதல் நான் அனுப்பியவை, வந்த பதில்கள், பதில் வராதபோது எழுதிய மேல்முறையீடுகள், ஒப்புகை அட்டைகள் என்று பழைய வேட்டிக் கிழிசலால் கட்டிய 14 கட்டுகள். அவற்றை வைத்துத்தான் இருபது ஆண்டுகளாகக் கட்டுரைகள் எழுதினேன். அரசின் வெளிப்படைத்தன்மை பற்றிய ஆய்வாளன் என்று நாலு பேர் என்னைச் சொல்கிறார்கள் என்றால் அதுவும் அந்தக் கட்டுகளால்தான். வண்டியில் ஏற்றும்போது ஒவ்வொரு கட்டுக்குள்ளும் யார் யார் இருக்கிறார்கள் என்பது நினைவுக்கு வந்தது. அதனால் இந்த மடல்.

முதல் நன்றி பதிவறை எழுத்தர் ஐயாவுக்கு. என் முதல் மனுவில், எங்கள் பகுதி முதியவர்கள் சிலருக்கு உதவித்தொகையை ஏன் நிறுத்தினீர்கள் என்று காரசாரமாக ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். கேட்டது தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்தக் கடிதத்தோடு அலுவலக வாசலில் நின்றிருந்தவனைத் தேநீர்க் கடைக்கு அழைத்துப் போனவர் ஐயா. மனுவை முழுக்கப் படித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஏன் என்று கேட்டால் ஒருவரும் பதில் எழுத மாட்டார்கள். நிறுத்தச் சொன்ன உத்தரவின் நகலைக் கேளுங்கள். அந்தக் கோப்பில் அதிகாரிகள் எழுதிய குறிப்புப் பக்கங்களைக் கேளுங்கள். ஏன் என்பது அங்கேதான் எழுதியிருக்கும்." பிறகு என் பேனாவை வாங்கி, நாளிதழின் ஓரத்தில் ஒரு கோப்பு பிறப்பது முதல் பதிவறையில் உறங்குவது வரை வரைந்து காட்டினார். தபால் வந்ததும் எங்கே பதிவாகும், ந.க. எண் என்ற கோப்பு எண் எப்படி விழும், எழுத்தர் தம் கோப்புகளைக் குறித்துவைக்கும் தன்பதிவேட்டில் எந்தப் பத்தியைப் பார்த்தால் கோப்பு யாரிடம் தேங்கியிருக்கிறது என்று தெரியும், எல்லாம் பத்து நிமிடத்தில்.

கையில் இருக்கும் ஆவணத்தைத்தான் அலுவலகம் தர வேண்டும், இல்லாத ஒன்றை உருவாக்கித் தர வேண்டியதில்லை என்று 2011-இல், மாணவர் தம் விடைத்தாளைக் கேட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னது. அதைப் படித்தபோது ஐயாவின் குரல்தான் எனக்குக் கேட்டது. குறிப்புப் பக்கங்களின் அருமையும் அவர் சொல்லித் தெரிந்ததுதான். 2006-இல் அவற்றைச் சட்டத்தின் எல்லையிலிருந்து நீக்கப் பார்த்தார்கள். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து அந்த முயற்சி நின்றது. எதை இழக்க இருந்தோம் என்பது அவரால் எனக்குப் புரிந்தது.

அடுத்து அக்கா ஒருவர். நூறு நாள் வேலையில் கூலி ரொக்கமாகக் கிடைத்துக்கொண்டிருந்த காலம், நாளொன்றுக்கு 80 ரூபாய். ஆறு நாள் கூலி தமக்கு வரவில்லை என்றார் அக்கா. பதிவேட்டில் பெற்றுக்கொண்டதாக இருக்கிறது என்றது ஊராட்சி. பதிவேட்டை நேரில் பார்வையிட மனுப் போட்டோம். ஆவணங்களைப் பார்வையிடுவதும் சட்டம் தரும் உரிமை, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. அக்காவோடு இன்னும் மூன்று பெண்கள் வந்தார்கள். அழைத்துப்போனவன் என்ற பெயர்தான் எனக்கு.

பதிவேட்டில் அக்காவின் பெயருக்கு எதிரே ஊதா மையில் பெருவிரல் ரேகை பதிந்திருந்தது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் அதையே பார்த்தார். "இது என் விரல் இல்லை. நான் கையெழுத்துப் போடுவேன்" என்றார். என்னிடம் பேனா வாங்கி, மனு நகலின் பின்பக்கத்தில் தம் பெயரை எழுதினார். ஒவ்வோர் எழுத்துக்கும் பேனாவை எடுத்து எடுத்து, புள்ளிகளைக் கடைசியில் ஒன்றாக வைத்தார். பிறந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1991-இல் அறிவொளி இயக்க வகுப்பில் கற்ற கையெழுத்து அது. மற்ற மூவரும் மளமளவென்று பக்கங்களைப் புரட்டி அவரவர் பெயரைத் தேடத் தொடங்கினார்கள். மூன்று மாதம் கழித்து அக்காவுக்குக் கூலி வந்துசேர்ந்தது. அந்தத் தாளை மட்டும் நூலகத்துக்குக் கொடுக்கவில்லை.

ராஜஸ்தான் மக்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். தமிழ்நாடு 1997-இலேயே, மாநிலங்களில் முதலாவதாக, தகவல் உரிமைக்குச் சட்டம் இயற்றியது. அதில் விலக்குகள் மலிந்திருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நாடு முழுமைக்குமான 2005 சட்டத்தின் வேர் எது என்று தேடி ராஜஸ்தானின் பியாவருக்குப் போனேன். 1996-இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற உழைப்பாளர், உழவர் அமைப்பு தகவல் உரிமை கேட்டு 40 நாள் தர்ணா இருந்த ஊர் அது. கடைத்தெருவினர் தர்ணாவில் இருந்தவர்களுக்குக் காய்கறியும் தானியமும் பணமும் கொடுத்துத் தாங்கியிருக்கிறார்கள். அதற்கு முன்பே, 1994 டிசம்பரில், கோட் கிரானா கிராமத்தில் கூலிப் பதிவேட்டை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். அந்த அமைப்பைத் தொடங்கிய அருணா ராயும் நிகில் டேயும் சங்கர் சிங்கும் அவர்களோடு நின்ற உழைப்பாளிகளும் திறந்த வழியில்தான் எங்கள் அக்காவும் அந்தப் பதிவேட்டைத் தொட முடிந்தது.

இந்த மடலில் உதவியவர்களின் பெயர்களைப் போடவில்லை என்று சிலருக்கு வருத்தம் இருக்கலாம். எழுத்தர் ஐயா கேட்டுக்கொண்டது அது. 2010 ஜனவரியில் சதீஷ் ஷெட்டி காலை நடைப்பயிற்சியின்போது வெட்டிக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஜூலையில் அமித் ஜேட்வா குஜராத் உயர் நீதிமன்றத்துக்கு அருகே சுடப்பட்டார். இருவரும் தகவல் கேட்டவர்கள். கேட்டவர்களுக்கே இந்தக் கதி என்றால் எடுத்துக் கொடுத்தவர்களை நான் எப்படிக் காட்டிக்கொடுப்பேன்?

என் முதல் கட்டுரையைத் திருத்திய ஆசிரியர் அம்மாவுக்கு நன்றி. 'பொறுப்புடைமை' என்ற சொல்லை ஒன்பது இடங்களில் சுழித்து, "யார், யாருக்கு, எதைச் செய்யவில்லை என்று எழுதுங்கள்" என்று ஓரத்தில் குறித்திருந்தார். கடன் சொல்லியும் நகலெடுத்துத் தந்த கடைக்காரத் தம்பிக்கும், இரவில் உட்கார்ந்து மனுக் கட்டணத்துக்காக மனுக்களில் நீதிமன்றக் கட்டணவில்லை ஒட்டிய என் துணைவியாருக்கும் நன்றி. தமக்கே சங்கடம் வரும் என்று தெரிந்தும் கேட்டதை மறைக்காமல், முப்பது நாளுக்குள், பக்க எண் போட்டு அனுப்பிய பொதுத் தகவல் அலுவலர்களுக்கு மனம் நிறைந்த வணக்கம். அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நான் எழுதியது குறைவு, அது என் தவறு.

ஒரு கவலையையும் உங்களிடம்தான் சொல்ல முடியும். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் தகவல் உரிமைச் சட்டத்தில் தனிநபர் தகவலைப் பற்றிய 8(1)(ஜே) பிரிவை மாற்றி எழுதிவிட்டது. பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலையும் தரலாம் என்று அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த வழி போயிற்று. நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாததை எந்த நபருக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் போயிற்று. பொதுநலன் இருந்தால் தகவல் தரலாம் என்னும் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது, அதைத்தான் பிடித்துக்கொண்டு வாதாட வேண்டும். கூலிப் பதிவேட்டில் பெயர்களைக் கறுப்படித்துக் கொடுத்தால், தம் பெயருக்கு எதிரே இருப்பது யார் விரல் என்று அக்கா எப்படிக் கண்டுபிடித்திருப்பார்?

அதனால் காலியான அலமாரியில் பதினைந்தாவது கட்டைத் தொடங்கிவிட்டேன். ஒரு பதிவேட்டின் நகல் கேட்டதற்கு, தனிநபர் தகவல் என்று மறுத்துப் பதில் வந்திருக்கிறது. முதல் மேல்முறையீட்டுக்கான முப்பது நாள் கெடு வெள்ளிக்கிழமை முடிகிறது. எழுத்தர் ஐயா கண் அறுவைச் சிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கிறார். நாளைக் காலை வரைவை எடுத்துப்போய் அவருக்குப் படித்துக் காட்டப் போகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் மனுதாரன்