மாத்திரையை விடாதவர்களுக்குத்தான் அந்த ஊசி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் இதழில் ‘எச்.ஐ.வி.க்கு ஊசி ரெடி, மாத்திரைக்கு விடை’ என்று கொட்டை எழுத்தில் ஒரு கட்டுரை வந்தது. நான் நாமக்கல் மாவட்டத்தில் எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கும் ஓர் ஏ.ஆர்.டி. மையத்தில் பல ஆண்டுகள் ஆற்றுப்படுத்துநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். திங்கட்கிழமை விடிந்ததுமே போன் வர ஆரம்பித்துவிட்டது. “மேடம், இனிமே மாத்திரை வேண்டாமாமே? பேப்பர்லயே போட்டுட்டாங்களே” என்று ஒரு லாரி டிரைவர் கேட்டார். முந்தின ராத்திரியே அவர் மாத்திரை போடாமல் படுத்திருக்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த ஆராய்ச்சி பொய் என்று நான் சொல்லவில்லை. அது நடப்பதில் எனக்கு இருக்கும் மகிழ்ச்சி உங்கள் நிருபரைவிடக் கொஞ்சமும் குறைந்ததில்லை. ஆனால் யாருக்கு ஊசி போட்டார்கள், எத்தனை பேருக்கு, மாத்திரையை நிறுத்தியபோது அவர்களை எப்படிக் கவனித்தார்கள் என்பதெல்லாம் கட்டுரையில் இல்லை. எங்கள் ஆட்களுக்கு உயிர் போகும் விஷயம் அந்த விவரங்களில்தான் இருக்கிறது.

முதலில், இது தொற்று வராமல் தடுக்கும் ஊசி இல்லை. ஏற்கெனவே தொற்று உள்ளவர்களுக்குப் போட்டு, மாத்திரை இல்லாமலே அவர்கள் உடல் வைரஸை அடக்கி வைக்கும்படி பழக்க முடியுமா என்று பார்க்கும் ஊசி. ஏ.ஆர்.டி. மாத்திரை பெருகும் வைரஸைத்தான் நிறுத்தும். நோயெதிர்ப்புக்கு வேண்டிய வெள்ளை அணுக்களான சிடி4 அணுக்களில் சிலவற்றுக்குள், மரபணுவோடு மரபணுவாகக் கலந்து சும்மா கிடக்கும் வைரஸை அது தொடாது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் வைரஸ் திரும்பிவிடுவது அதனால்தான். மருந்தே இல்லாமல் வைரஸை அடக்கி வைத்திருப்பவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. அவர்களுடைய வெள்ளை அணுக்கள் வைரஸின் எந்தப் பகுதியைக் குறிபார்த்து அடிக்கின்றன என்று கவனித்து, அதே இடத்தை மற்றவர்களின் அணுக்களுக்கும் காட்டிக்கொடுப்பதுதான் இந்த ஊசியின் வேலை. உருமாறித் தப்பிப்பது எச்.ஐ.வி.யின் சுபாவம். ஆனால் சில பகுதிகளை மாற்றினால் வைரஸே பலவீனப்பட்டுப்போகும். அடி அங்கே விழ வேண்டும்.

இப்படி ஓர் ஊசியை ஸ்பெயினில், பார்சிலோனாவை ஒட்டிய படலோனா நகரின் இர்சிகைஷா ஆய்வு நிறுவனத்தில் பெயாட்ரிஸ் மோத்தே தலைமையிலான குழு சோதித்தது. முடிவு 2022-இல் வெளிவந்தது. சேர்ந்தவர்கள் 45 பேர். இயற்கையிலேயே வைரஸை அடக்கும் மரபணு வாய்த்தவர்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால், ஊசி போட்ட 20 பேரில் 8 பேர் மாத்திரை இல்லாமல் 22 வாரம் தாக்குப்பிடித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெற்று ஊசி போட்ட 12 பேரில் ஒருவர்தான். நல்ல செய்திதான். ஆனால் மீதி 12 பேருக்கு ஊசி போட்டும் மாத்திரைக்குத் திரும்ப வேண்டியிருந்தது. மாத்திரையை நிறுத்திய நாள் முதல் எல்லோருக்கும் வாரந்தோறும் ரத்தத்தில் வைரஸ் அளவைப் பார்த்தார்கள், எல்லை தாண்டியதும் மாத்திரையைக் கையில் கொடுத்தார்கள். நமக்கு வைரல் லோடு பரிசோதனை வருடத்துக்கு ஓரிரு முறைதான். அந்த லாரி டிரைவர் வீட்டிலிருந்தபடி நிறுத்தினால் அவரை யார் பார்ப்பது?

சான் பிரான்சிஸ்கோவிலும் ஒன்று நடந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 10 பேருக்கு ஊசியோடு வைரஸை முடக்கும் எதிர்ப்புப் புரதங்களையும் நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். மாத்திரையை நிறுத்திய பிறகு 7 பேருக்கு வைரஸ் பல மாதங்கள் தாழ்ந்த அளவிலேயே இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வெற்று ஊசிக் குழு அதில் கிடையாது.

அடக்கி வைப்பது வேறு, ஒழிப்பது வேறு. இதை உங்கள் கட்டுரை ஒரு வரியிலாவது சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கு ஒழுங்காக மாத்திரை போட்டு, வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்கு வந்தவரிடமிருந்து உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றுவதில்லை. இது உறுதியாக நிறுவப்பட்டது. எத்தனையோ தம்பதிகளிடம் இதைச் சொல்லி, அவர்கள் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன். ஊசியால் ‘அடக்கி வைத்தவர்’ ரத்தத்தில் ஆயிரம், இரண்டாயிரம் என்று வைரஸ் இருக்கலாம். அவருக்கு அந்த உறுதி கிடையாது. மாத்திரையை நிறுத்திப் பார்க்கும் ஆய்வுகளின்போது துணைக்குத் தொற்றிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. படலோனாவில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் தொற்று வந்த சில மாதங்களுக்குள் மாத்திரை தொடங்கியவர்கள். தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய உம்லாசியில் தும்பி இந்துங்கு குழுவினர் 20 பெண்களிடம் நடத்திய ஆய்வு இன்னும் ஒரு படி மேலே. அது இந்த வகை ஊசி இல்லை, எதிர்ப்புப் புரதங்களும் ஒரு தூண்டு மருந்தும். அந்த இளம்பெண்களுக்கு வாரத்துக்கு இரண்டு முறை ரத்தம் எடுத்துப் பார்த்து, தொற்று தெரிந்த சில நாட்களுக்குள் மாத்திரை தொடங்கியிருந்தார்கள். 20 பேரில் 6 பேர் 48 வாரம்வரை மாத்திரை இல்லாமல் இருந்ததாக 2025-இல் அறிவித்தார்கள். அங்கே பரவியிருப்பதும் இங்கே பரவியிருப்பதும் அதே சி வகை வைரஸ்தான். அதனால் எனக்கு அந்தச் செய்தி சொந்த ஊர்ச் செய்தி மாதிரி இருந்தது.

சீக்கிரம் மாத்திரை தொடங்கினால் உடலில் ஒளியும் வைரஸ் குறைவு, நோயெதிர்ப்பு சக்தியும் சிதையாமல் இருக்கும். ஊசிக்கு வேலை செய்ய அது வேண்டும். சரி, நம் ஆட்களின் கதை என்ன? 2004 ஏப்ரல் 1 அன்று நம் நாட்டில் இலவச ஏ.ஆர்.டி. தொடங்கியது. முதலில் கொடுத்த மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. அப்போதைய வழிகாட்டுதல்படி, வேறு பெரிய நோய் இல்லாதவர்களுக்கு சிடி4 எண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கினால்தான் மாத்திரை. கூலியை விட்டுவிட்டு வந்து வரிசையில் நின்றவரிடம் “உங்களுக்கு இன்னும் இறங்கலைங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்க” என்று சொல்லி அனுப்பியவர்களில் நானும் உண்டு. அன்றைக்கு உலகம் முழுக்க நடைமுறை ஏறக்குறைய அதுதான். அப்புறம் அந்த எல்லை படிப்படியாக உயர்ந்து, சிடி4 எவ்வளவு இருந்தாலும் எல்லோருக்கும் மாத்திரை என்று ஆனது 2017-இல்தான். அப்படிக் காத்திருந்து தேய்ந்து, பிறகு மாத்திரை தொடங்கி இன்றுவரை விடாமல் போடுகிறார்களே, அவர்களைப் போன்றவர்களுக்கு இந்த ஊசி வேலை செய்யுமா என்று படலோனாவிலும் உம்லாசியிலும் யாரும் பார்க்கவில்லை. உங்கள் கட்டுரையைப் படித்து அதிகம் ஆசைப்பட்டவர்கள் அவர்கள்தான்.

ஆசைப்படுவது தவறில்லை. முப்பது மாத்திரை கொண்ட டப்பாவை ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரும். பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரருக்குக் கேட்டுவிடுமோ என்று உள்ளே பஞ்சு திணித்துக்கொண்டு போவார்கள். லேபிளை நகத்தால் சுரண்டிவிட்டு, அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைக்கும் மருமகள்களை எனக்குத் தெரியும். முன்பு கொடுத்த ஸ்டாவுடின் மாத்திரையில் கன்னம் ஒட்டிப்போகும், பாதம் மரத்துப்போகும். ஒட்டிய கன்னத்தைப் பார்த்தே ஊர் கண்டுபிடித்துவிடும் என்று கல்யாணம் காட்சிக்குப் போகாதவர்கள் உண்டு. இப்போது ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை, பக்கவிளைவும் ரொம்பக் குறைவு. ஆனாலும் ஆயுளுக்கும் ஒளித்து ஒளித்து விழுங்க வேண்டும் என்பது பாரம்தான். அந்தப் பாரத்தை இறக்க ஒரு வழி வர வேண்டும் என்று நான் மனதார வேண்டுகிறேன்.

அதுவரைக்கும் நிறுத்தக் கூடாது. சிடி4 நன்றாக இருக்கும்போது மாத்திரையை நிறுத்தி, இறங்கும்போது மறுபடி தொடங்கினால் என்ன என்று 5,400-க்கும் மேற்பட்டவர்களிடம் ஒரு பன்னாட்டு ஆய்வு நடந்தது. நிறுத்தி நிறுத்திப் போட்டவர்களுக்குக் கடும் நோயோ மரணமோ வரும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் என்று தெரிந்ததால் 2006-இல் அதைப் பாதியிலேயே முடித்துக்கொண்டார்கள். போலியோ ஊசி தந்த ஜோனாஸ் சால்க் தொடங்கி வைத்த எச்.ஐ.வி. ஊசியும் பெரிய நம்பிக்கையோடு வந்ததுதான். கூடுதல் பலன் தெரியவில்லை என்று 1999-இல் அந்தச் சோதனையை நிறுத்தினார்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை 1986-இல் கண்டுபிடித்தது சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவியும். தொற்று வராமல் தடுக்கும் எச்.ஐ.வி. ஊசி ஒன்றை, சி வகைக்கென்றே செய்ததை, சேத்துப்பட்டு காசநோய் ஆராய்ச்சி மையத்தில் 2006-இல் நம் தன்னார்வலர்கள் கையை நீட்டிப் போட்டுக்கொண்டார்கள். அந்த ஊரில், தாமதமாக மாத்திரை தொடங்கிய நம் மக்களிடம் சிகிச்சை ஊசியைப் பாதுகாப்பாகச் சோதித்துப் பார்க்க யாராவது திட்டம் வைத்திருக்கிறார்களா? உங்கள் நிருபர் இதை விசாரித்து எழுதினால் ஆயிரம் வீடுகளில் பத்திரப்படுத்தி வைப்பார்கள்.

இப்போதைக்கு, இந்த இதழிலேயே அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ‘ஊசி இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது, மாத்திரையை நிறுத்தாதீர்கள்’ என்று போடுங்கள். கட்டுரையைப் படித்து நிறுத்தியவர்கள் இருந்தால், மையத்தில் கொடுத்த பச்சைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நாளைக்கே உங்கள் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போங்கள். எத்தனை நாள் விட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 1097-க்குப் போன் செய்யுங்கள், காசு கிடையாது, பெயரும் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆற்றுப்படுத்துநர்,
நாமக்கல் மாவட்டம்.
(பெயரை வெளியிட வேண்டாம். என்னிடம் வந்தவர்களை ஊர் அடையாளம் கண்டுவிடும்.)