எடைக்கும் ஒரு பத்தி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எதிர்காலக் கார்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பேட்டரியா, ஹைட்ரஜனா என்று நான்கு பக்கம் அலசியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு காரின் எடைகூட அதில் இல்லை. 30 வருடம் டிங்கரிங் வேலை பார்த்தவன் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

பெட்ரோலை விட்டு வெளியே வந்தாலே எடை குறுக்கே வந்து நிற்கும். ஒரு கிலோ பெட்ரோலில் சுமார் 12 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. லித்தியம் அயனி செல்லில் கிலோவுக்குக் கால் கிலோவாட் மணி கிடைத்தாலே நல்ல செல். எஞ்சின் பாதிக்கு மேல் வெப்பமாக வீணாக்குகிறது, மோட்டார் அப்படியில்லை, சரி. அதைக் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி பெரிதுதான். ஜிஎம்சி ஹம்மரின் மின் வண்டி 4 டன்னைத் தாண்டுகிறது. பேட்டரி மட்டுமே சுமார் 1,300 கிலோ. ஒரு காரை வயிற்றில் வைத்துக்கொண்டு இன்னொரு கார் ஓடுகிறது! ஹைட்ரஜனும் தப்பவில்லை. டொயோட்டா மிராயின் முதல் மாடலில் 5 கிலோ வாயுவை அடைக்க, கார்பன் ஃபைபரில் செய்தும், தொட்டிகள் 80 கிலோவுக்கு மேல் வந்தன.

எடை குட்டி போடும் என்பதுதான் இதில் வம்பு. பேட்டரி கனத்தால் அடிச்சட்டம் தடிக்க வேண்டும், பிரேக் பெரிதாக வேண்டும், டயர் அகல வேண்டும். அத்தனையையும் இழுக்க மறுபடி பேட்டரி. பிரேக் போடும்போது ஆற்றல் திரும்பி வருவதால் எடை ஒரு பொருட்டல்ல என்று கட்டுரையில் ஒரு வரி வருகிறது. திரும்பி வருவது ஒரு பகுதிதான். கனத்தால் டயர் தரையில் அழுந்தி உருளும்போது போனது போனதுதான்.

எடையைக் குறைக்கும் இறங்கு கணக்கும் உண்டு. 2013-இல் வந்த பிஎம்டபிள்யூ ஐ3 காரின் பயணிகள் கூட்டைக் கார்பன் ஃபைபரிலும் அடிச்சட்டத்தை அலுமினியத்திலும் செய்தார்கள். மொத்தமே சுமார் 1,200 கிலோ. இது புது யோசனையும் அல்ல. 1899-இல் முதன்முதலாக மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய கார் பேட்டரியில் ஓடியது, அதன் உடல் அலுமினியக் கலவை.

அதற்காக லேசான கார் என்றாலே கும்பிடு போடவும் நான் தயாரில்லை. இரும்புத் தகட்டில் ஒடுக்கு விழுந்தால் பின்னால் கட்டையைக் கொடுத்துத் தட்டத் தட்ட, பழைய வடிவம் ஞாபகம் இருப்பது போல எழுந்து வரும். அலுமினியம் முரண்டு பிடிக்கும். தட்டினால் விறைத்து, கடைசியில் கீறல் விடும். சூடு காட்டினால் இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்காது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொய்ந்து ஓட்டையாகிவிடும். என் முதல் அலுமினிய பானெட் அப்படித்தான் போனது. இரும்பு ராவிய அரத்தை அதில் வைக்கவே கூடாது. ஒட்டிக்கொள்ளும் இரும்புத் துகள், ஈரம் பட்டதும் அந்த இடத்தை அரித்துவிடும். கார்பன் ஃபைபர் இன்னும் மோசம். வெளியே ஒரு கோடுதான் தெரியும், உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். சுத்தியலுக்கு அங்கே வேலையே இல்லை.

பழசானால் அலுமினியத்துக்காவது மறுபிறவி உண்டு. உருக்கி மறுபடி எடுக்க, புதிதாகத் தயாரிக்கத் தேவைப்படும் ஆற்றலில் சுமார் 5 சதவீதம் போதும். கார்பன் ஃபைபரைக் காயலான் கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

அதனால், அடுத்த முறை கார்களை ஒப்பிட்டு அட்டவணை போடும்போது, ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் என்ற பத்திக்குப் பக்கத்திலேயே எடைக்கும் ஒரு பத்தி போடுங்கள். உடல் எந்தப் பொருளால் ஆனது, அடிபட்டால் தட்டி எடுக்க முடியுமா, மொத்தமாக மாற்ற வேண்டுமா என்பதையும் சேர்த்தால் நல்லது. இடம் போதாவிட்டால் கப் ஹோல்டர் எண்ணிக்கையை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிங்கரிங் தொழிலாளி ஒருவர்